எல்லை கடக்கும் தீர்ப்பு: ஏற்பும் மறுப்பும்

ஒரு நாட்டின் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு அந்நாட்டின் எல்லைக்கு அப்பாலும் செல்லுமா? கடல் கடந்து பொருளீட்டும் மரபுடைய நம் சமுதாயத்துக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. துபாயில் வாங்கிய கடனும் சிங்கப்பூரில் தொடங்கிய கூட்டு வணிகமும் வழக்காக மாறலாம். அங்குப் பிறந்த தீர்ப்பு கீழக்கரையிலோ காயல்பட்டினத்திலோ உள்ள ஒரு வீட்டின் மீது நிறைவேற்றத்துக்கு வரலாம்.

ஃபிக்ஹு அறிஞர்கள் இவ்வினாவை, 'கிதாபுல் காழீ இலல் காழீ' (ஒரு காழி மற்றொரு காழிக்கு எழுதும் மடல்) என்னும் தலைப்பில் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அரபிக் கல்லூரிகளில் ஓதப்படும் ஹிதாயா நூலிலும் இதற்கெனத் தனிப் பகுதி உண்டு. ஹுதூது, கிஸாஸ் ஆகிய தண்டனை வழக்குகளில் இம்மடல் ஏற்கப்படாது. உரிமையியல் வழக்குகளில் ஏற்கப்படும். ஆனால் மடல் மெய்யானது என இருவர் சாட்சி கூற வேண்டும். எதிர்வாதியின் முன்னிலையில்தான் அதனை ஏற்க வேண்டும். மடலின் வாசகத்தைச் சாட்சிகள் அறிந்திருப்பதையும், அவர்கள் முன்னிலையில் முத்திரையிடுவதையும் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) நிபந்தனையாக்கினார்கள். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களோ, தாமே காழியாகப் பணியாற்றிய பின்னர் இந்நிபந்தனைகளைத் தளர்த்தினார்கள்.

எதிர்வாதி ஊரில் இல்லாதபோது தீர்ப்பளிக்கலாமா என்பதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஹனஃபி மத்ஹபு பொதுவாக இதற்கு இடமளிப்பதில்லை. ஷாஃபிஈ மத்ஹபு இடமளிக்கிறது. எனினும் வாதி சான்று காட்டுவதோடு, தன் உரிமை இன்னும் தீர்க்கப்படாமல் நிலுவையில் உள்ளது என்று சத்தியமும் செய்ய வேண்டும். எதிரே ஆள் இல்லை என்பதால் சான்றின் தேவை குறைவதில்லை, கூடுகிறது.

இந்தியாவில் இப்பொருளை ஆள்வது 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம். அதன் 13-ஆம் பிரிவு, அயல்நாட்டுத் தீர்ப்பு இறுதியானது என்ற பொது விதியைக் கூறி, அதற்கு ஆறு விலக்குகளை வகுக்கிறது. தீர்ப்பளித்த மன்றத்துக்கு அதிகார வரம்பு இல்லாமை. வழக்கின் உட்பொருளை ஆராயாமை. பன்னாட்டுச் சட்டத்தைப் பிழையாகக் கொண்டமை அல்லது பொருந்தவேண்டிய இந்தியச் சட்டத்தை ஏற்க மறுத்தமை. நடவடிக்கைகள் இயற்கை நீதிக்கு முரணாக அமைந்தமை. மோசடியால் தீர்ப்புப் பெற்றமை. இந்தியச் சட்டத்தை மீறிய ஒன்றின் மீது கோரிக்கை எழுந்தமை என்பனவே அவை.

இவற்றை மேல்முறையீடு எனக் கருதுவது தவறு. அயல்நாட்டு நீதிபதி சான்றுகளைச் சரியாக எடை போட்டாரா என்று நம் நீதிமன்றம் மறுவிசாரணை செய்வதில்லை. ஓர் இஜ்திஹாத் மற்றோர் இஜ்திஹாதால் முறிக்கப்படாது என்னும் ஃபிக்ஹு விதியும் இதனை ஒத்ததே. உரிய மன்றம் முறையாக விசாரித்ததா என்பதே கேள்வி.

1991-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று இதனைத் தெளிவாக்குகிறது. 1975-இல் திருப்பதியில் இந்து முறைப்படி மணந்த ஒருவர், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 90 நாள்கள் வசித்ததாகக் கூறி அங்கு மணமுறிவு பெற்று, மறுமணம் செய்துகொண்டார். இந்தியாவிலிருந்த மனைவி அம்மன்றத்தின் அதிகாரத்தை ஏற்கவில்லை என ஆட்சேபித்தே பதில் அனுப்பியிருந்தார். உச்ச நீதிமன்றம் அம்மணமுறிவை ஏற்க மறுத்தது. எச்சட்டத்தின்படி மணம் நடந்ததோ அச்சட்டம் ஏற்கும் மன்றமும் காரணமுமே மணமுறிவுக்கு வேண்டும் என்பது பொது விதி. எதிர்த் தரப்பினர் தாமே விரும்பி அயல்மன்றத்தின் அதிகாரத்தை ஏற்று வழக்காடியிருந்தாலோ, மணமுறிவுக்கு இசைந்திருந்தாலோ நிலை வேறு. 2001-இல் ஒரு வணிக வழக்கிலும், எதிர்வாதி வராத நிலையில் சான்றுகளை ஆராயாமல் இங்கிலாந்தில் வழங்கப்பட்ட தீர்ப்பு உட்பொருளின் மீதான தீர்ப்பு ஆகாது என அதே நீதிமன்றம் கூறியது. மேலே சொன்ன ஷாஃபிஈ நிபந்தனை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

நிறைவேற்றத்துக்கு இரு வழிகள் உள்ளன. இந்திய அரசு 'பரஸ்பர நாடு' என அறிவித்த நாட்டின் உயர்நிலை நீதிமன்றங்கள் பணம் செலுத்துமாறு இட்ட தீர்ப்பாணையை, 44-அ பிரிவின்படி நேரே மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். வரிக்கும் அபராதத்துக்கும் இவ்வழி இல்லை. இங்கிலாந்தும் சிங்கப்பூரும் இப்பட்டியலில் உள்ளன; ஐக்கிய அரபு அமீரகம் 2020 ஜனவரி 17 அன்று சேர்க்கப்பட்டது. அமெரிக்கா போன்று பட்டியலில் இல்லாத நாடுகளின் தீர்ப்பை வைத்து, தீர்ப்பு நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் இங்குப் புதிய வழக்குத் தொடுக்க வேண்டும். இரு வழிகளிலும் 13-ஆம் பிரிவின் விலக்குகள் பொருந்தும்.

எனவே, அயல்நாட்டு அழைப்பாணை வந்தால் 'அது அந்த ஊர்ச் சமாசாரம்' என்று பெட்டியில் போட்டு வைப்பது ஆபத்து. எதையும் சிந்திக்காமல் சென்று வழக்காடினால் அம்மன்றத்தின் அதிகாரத்தை ஏற்றதாக ஆகிவிடலாம். வாளாவிருந்தால், முறையாக அறிவிப்புப் பெற்றும் வரவில்லை என்பது நமக்கு எதிராக நிற்கலாம். உறையையும் தேதியையும் பாதுகாத்து, அதிகார வரம்பை ஆட்சேபிப்பதா, வழக்காடுவதா என்பதை வழக்கறிஞரோடு கலந்து அப்பொழுதே முடிவு செய்தல் வேண்டும். தீர்ப்பை நிறைவேற்ற விரும்புவோரும் அங்கேயே சான்றளிக்கப்பட்ட நகலைப் பெற்றுவிட வேண்டும். வெறும் ஒளிநகல் போதாது என்பதும் அந்த 1991-ஆம் ஆண்டு வழக்கிலேயே தெளிவாக்கப்பட்டது.