நீங்கள் கூறிய சொல் எங்கே செல்கிறது?

மருத்துவமனைக்கு வருவோரிடமிருந்து இரத்தம், சிறுநீர், சளி எனப் பலவற்றைப் பெற்றுக்கொள்கிறோம். அவை எந்த ஆய்வகத்துக்குச் செல்கின்றன, முடிவு எப்போது வரும் என்று கேட்க எவரும் தயங்குவதில்லை. சில வேளைகளில் வேறொன்றையும் கேட்டுப் பெறுகிறோம். அது உங்கள் பேச்சு. ஆய்வாளர் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியுடன் அருகில் அமர்ந்து, ஒரு மணி நேரம் பேச இயலுமா என்று வினவுகிறார். நோய் எவ்வாறு தொடங்கியது, முதலில் யாரிடம் சொன்னீர்கள், மருந்து உண்பதில் என்ன இடர் என்றெல்லாம் கேட்கிறார். நீங்களும் மனம் திறந்து கூறுகிறீர்கள். பின்னர் அந்தப் பேச்சு என்னவாகிறது? அதைக் கணினி ஆராயும் என்கிறார்களே, அதன் பொருள் என்ன? இவ்வினாக்களுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண் சொல்வதும் சொல்லாததும்

செங்கல்பட்டின் பெயர் உலக மருத்துவ இலக்கியத்தில் இடம்பெற்றது ஓர் எண்சார் ஆய்வினால்தான். அன்றைய பரந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் பி.சி.ஜி. தடுப்பூசி பற்றிய பெரும் ஆய்வு தொடங்கியது. 3,60,000-க்கும் மேற்பட்டோர் அதில் பதிவு செய்யப்பட்டனர். கண்காணிப்பு 15 ஆண்டுகள் நீடித்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பது அதன் முடிவு. (குழந்தைகளைத் தாக்கும் கடுமையான காசநோய் வகைகளிலிருந்து அது பாதுகாப்புத் தருகிறது. ஆதலால் பிறந்த குழந்தைக்கு அதைத் தவறாமல் போடவேண்டும்.) இத்தகைய வினாவுக்கு எண்களே விடை தர இயலும்.

ஆயினும் எண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. சென்னையிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, காசநோயாளிகளின் வீடுகளில் பள்ளி சென்ற பிள்ளைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரின் படிப்பு நின்றுபோனதைக் காட்டியது. அந்த எண் நம்மை உலுக்குகிறது. ஆனால், ஒரு வீட்டில் நிறுத்தப்பட்டது மகனா மகளா, அம்முடிவை யார் எடுத்தார், நோய் நீங்கிய பின் அப்பிள்ளை பள்ளிக்குத் திரும்ப எது தடையாக நின்றது என்பனவற்றை அவ்வீட்டாரிடமே அமர்ந்து கேட்டால்தான் அறியலாம். இவ்வாறு கேட்டுப் பெற்ற பேச்சை முறையாக ஆராய்வதற்குப் பண்புசார் ஆய்வு என்று பெயர்.

நம் கடலோரம் அறிந்த துயரத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மாமல்லபுரம், கல்பாக்கம் உள்ளிட்ட தமிழகக் கரையெங்கும் உயிர்களைக் கொண்டுசென்றது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் தமிழகத்தில் உயிர்தப்பியோரைக் குழுக்களாக அமர்த்தி உரையாடி, 2008-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். முறையான மனநல சிகிச்சையைக் காட்டிலும், தத்தம் மனவுறுதி, உற்றார் துணை, இறைநம்பிக்கை ஆகியவற்றையே மக்கள் பெரிதாக மதித்தனர் என்று அவர்கள் கண்டனர். துயருற்றோருக்கு உதவ விழைவோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. ‘ஆம்’, ‘இல்லை’ என்று கட்டமிட்ட படிவத்தில் இது கிடைத்திராது.

மென்பொருள் செய்யும் பணி

இருபது பேரிடம் ஒவ்வொரு மணி நேரம் பேசினால், அப்பேச்சை எழுத்தில் வடிக்கும்போது நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்துவிடும். முற்காலத்தில் ஆய்வாளர்கள் அப்பக்கங்களைப் படியெடுத்து, கத்தரிக்கோலால் வெட்டி, ஒரே பொருள் பற்றிய துண்டுகளை ஒரே உறையில் இட்டு வைத்தனர். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உள்ள லா ட்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லின் ரிச்சர்ட்ஸ், டாம் ரிச்சர்ட்ஸ் இணையர் 1980-களின் தொடக்கத்தில் இப்பணிக்கென ஒரு மென்பொருளை உருவாக்கினர். இன்று பரவலாக வழங்கும் ‘என்விவோ’ அதன் வழித்தோன்றல். ‘அட்லஸ்.டிஐ’ என்னும் மென்பொருள் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டத்தில் பிறந்தது. ‘டாகெட்’, ‘குவால்கோடர்’ போன்றவை கட்டணமின்றியே கிடைக்கின்றன.

இவற்றின் செயல்முறை எளிது. மீனவர் ஒருவர், “விடியுமுன் கடலுக்குப் போய்விடுவேன்; காலை மாத்திரை தவறிவிடும்” என்று கூறியதாகக் கொள்வோம். ஆய்வாளர் அவ்வரியைத் தெரிவு செய்து, ‘தொழில் நேரம்’, ‘மருந்து தவறுதல்’ என்னும் இரு குறிச்சொற்களை அதனுடன் இணைப்பார். எல்லா உரையாடல்களுக்கும் இவ்வாறு குறியிட்ட பின், ‘தொழில் நேரம்’ என்று கேட்டால், அது பற்றி எவரெவர் என்ன கூறினர் என்பது முழுவதையும் கணினி ஒருங்கே காட்டும். பெண்கள் கூறியவை தனி, ஆண்கள் கூறியவை தனி என ஒப்பிடவும் இயலும். எந்த வரிக்கு எந்த ஆய்வாளர் எந்தக் குறியை இட்டார் என்பதும் பதிவில் இருக்கும். அதனால் மற்றொருவர் அதைச் சரிபார்க்கலாம்.

அஞ்சறைப் பெட்டி கடுகையும் சீரகத்தையும் வெந்தயத்தையும் கலவாமல் காக்கும். வேண்டும்போது எடுத்துத் தரும். ஆனால் குழம்பு வைப்பது அதுவன்று. மென்பொருளும் அத்தகையதே. எந்தச் சொல் எந்த அறைக்கு உரியது என்று முடிவு செய்யும் பொறுப்பு மனிதருடையது.

ஒரு சொல்லின் கனம்

அப்பொறுப்பு எத்துணைப் பெரியது என்பதை, நுரையீரல் நோய்களில் அன்றாடம் கேட்கும் சொற்களே உணர்த்தும். “இளைப்பாக இருக்கிறது” என்று ஒருவர் கூறினால் அது மூச்சுத் திணறலாக இருக்கலாம், களைப்பாகவும் இருக்கலாம். “இளைத்துவிட்டேன்” என்றால் உடல் எடை குறைந்தது என்று பொருள். கணினியில் ‘இளை’ என்று தேடினால் இவை அனைத்தும் ஒன்றாகவே வந்து நிற்கும். முன்னும் பின்னும் அவர் கூறியதைப் படித்தவருக்கே வேறுபாடு விளங்கும்.

கூறாத சொல்லையும் கணக்கில் கொள்ளவேண்டும். காசநோயோ தொழுநோயோ வந்தவர் அதன் பெயரை உச்சரிக்கவே கூசி, “அந்த வியாதி” என்று மட்டும் கூறுவதுண்டு. ‘காசநோய்’ என்று தேடும் கணினிக்கு அவர் அகப்படமாட்டார். ஆனால் அந்தக் கூச்சமே ஆய்வாளர் கண்டறியவேண்டிய தலையாய செய்தியாக இருக்கக்கூடும்.

இவற்றினும் நுட்பமானது ஒன்று உண்டு. “மருந்து விட்டுப்போச்சு” என்று நோயாளி கூறுகிறார். “மருந்தை விட்டுவிட்டேன்” என்று அவர் கூறவில்லை. வேலை, பயணம், வீட்டில் ஒரு சாவு, மருந்து வாங்கச் செல்லக் கூலியிழப்பு என ஏதோ ஒன்று இடையே புகுந்தது என்பதை அச்சொல் உணர்த்துகிறது. ஆய்வாளர் அதற்கு ‘நோயாளியின் அலட்சியம்’ என்று குறியிட்டால், அறிக்கையில் அவர் குற்றவாளியாகிவிடுவார். ‘மருந்து கிடைப்பதில் தடை’ என்று குறியிட்டால், மருந்தகத்தின் நேரத்தை மாற்ற வழி பிறக்கும். சிகிச்சை இடையில் நின்றவர்களைக் கடன் தவறியவர் போலச் சுட்டிய ஆங்கிலச் சொல்லை உலக நலவாழ்வு நிறுவனமே 2013-இல் கைவிட்டு, ‘தொடர்பு விடுபட்டவர்’ என்னும் பொருள்தரும் தொடரை ஏற்றது. பெயர் மாறும்போது பார்வையும் மாறுகிறது.

எனவேதான் நல்ல ஆய்வில் இருவரேனும் தனித்தனியே குறியிட்டு, வேறுபடும் இடங்களை விவாதிக்கின்றனர். மற்றொரு கவனமும் தேவை. பேச்சை முதலில் ஆங்கிலத்தில் பெயர்த்துவிட்டு, அப்பெயர்ப்பின் மீது குறியிடும் வழக்கம் இன்னும் உள்ளது. ‘இளைப்பு’, ‘விட்டுப்போச்சு’ போன்றவை அங்கேயே சாரம் இழந்துவிடும். ஒருங்குறி எழுத்துமுறை நிலைபெற்றுவிட்ட இக்காலத்தில் தமிழ்ப் பேச்சைத் தமிழிலேயே குறியிடத் தடை ஏதுமில்லை.

உங்கள் உரிமைகள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் இத்தகைய ஆய்வுகளுக்கும் பொருந்தும். நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும். மறுக்கவும், இடையில் விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதனால் உங்கள் சிகிச்சை சிறிதும் குறையலாகாது.

பெயரை நீக்குவது மட்டும் மறைகாப்பு ஆகாது. மாமல்லபுரத்தில் கல் செதுக்கும் ஒருவர், இன்ன தெரு, இத்தனை பிள்ளைகள், இன்ன ஆண்டில் நோய் என்று அறிக்கையில் அச்சாகிவிட்டால், பெயர் இன்றியே ஊர் அவரை அறிந்துகொள்ளும். மீனவக் குப்பங்களிலும் அவ்வாறே. அத்தகைய அடையாளங்களையும் ஆய்வாளர் நீக்கவோ மாற்றவோ வேண்டும். குழு உரையாடலில் உடன் இருப்போர் அனைவரும் கேட்பர் என்பதையும் நினைவிற்கொள்க. தனியே கூற விரும்புவதைத் தனியே கூறலாம்.

அண்மைக்காலமாக, செயற்கை நுண்ணறிவு தானே குறிச்சொற்களைப் பரிந்துரைக்கும் வசதி இம்மென்பொருள்களில் சேர்ந்துள்ளது. நேரம் மிச்சமாகலாம். ஆனால் அவ்வசதிக்காக உங்கள் பேச்சு இணையம் வழியே வெளியாரின் கணினிக்குச் செல்லக்கூடும். ஆதலால் ஒப்பமிடுமுன் நான்கு வினாக்களைத் தயங்காமல் கேளுங்கள்: ஒலிப்பதிவு எங்கே, எத்தனை காலம் வைக்கப்படும்? அதை யார் யார் கேட்பார்கள்? அது இணையச் சேவை எதற்கேனும் அனுப்பப்படுமா? நான் கூறியதை நீங்கள் புரிந்துகொண்டது சரிதானா என்று எனக்குக் காட்டுவீர்களா?

நான்காவது வினா குறிப்பிடத்தக்கது. “நான் அந்தப் பொருளில் சொல்லவில்லை” என்று திருத்த வல்லவர் அச்சொல்லுக்கு உரியவரே. சளிப் பரிசோதனையின் முடிவைக் கேட்டுப் பெறுவது போலவே, உங்கள் பேச்சிலிருந்து கண்டறிந்தது என்ன என்பதையும் ஆய்வாளரிடம் கேட்டுப் பெறுங்கள்.