தலைவர் நாற்காலி யாருக்கு?

உளுந்தூர்பேட்டையில் பஸ் ஏறிச் சென்னைக்குப் போகிறவர்கள், மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்காக நடுச்சாலையில் எழும் தூண்களைப் பார்த்திருப்பார்கள். அந்தப் பணிக்குக் கடன் தரும் வங்கிகளில் ஒன்று, ஷாங்காயில் இருக்கும் புதிய வளர்ச்சி வங்கி.

பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா என ஐந்து நாடுகள் சேர்ந்து தொடங்கிய வங்கி அது. தலைவர் பதவி அந்த ஐந்துக்குள் சுழற்சி முறையில் வரும். 2015-ல் முதல் தலைவரானவர் மங்களூர்க்காரர் கே. வி. காமத், ஐசிஐசிஐ வங்கியை வளர்த்தெடுத்தவர். 2020-ல் பிரேசிலின் மார்கோஸ் ட்ராய்ஜோ வந்தார். 2023 முதல் அந்நாட்டின் முன்னாள் அதிபர் தில்மா ரூசெஃப்.

உலக வங்கியிலோ 1946 முதல் நிரந்தரத் தலைவர்கள் அனைவரும் அமெரிக்கக் குடிமக்களே. புனேயில் பிறந்த அஜய் பங்காவும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவராகவே 2023-ல் அந்தப் பொறுப்புக்கு வந்தார். கடன் வாங்கும் நாடுகளுக்கும் அந்த நாற்காலியில் அமரும் முறை வந்தாக வேண்டும்.