ரேஸ் காரின் ஆயில் சூடும் ஒரு சி.எஸ்.வி. பைலும்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலர் எக்ஸெல் புரோகிராமை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, இது கணக்கு எழுதுபவர்களுக்கானது என்று மூடிவிடுகின்றனர். கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டிலும் அப்பா அதில் மளிகைக் கணக்கு தவிர வேறு எதுவும் போட்டதில்லை. ஆனால் அதே புரோகிராமில் ஒரு ரேஸ் காரின் இன்ஜின் எப்படிச் செத்தது என்றும் பார்க்க முடியும். நான் பார்த்தேன். அதில் என் தவறும் இருந்ததால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என்னுடன் இன்ஜினியரிங் படித்த நண்பன் ஒருவன் சிறிய ரேஸ் அணி ஒன்றில் மெக்கானிக்காக இருக்கிறான். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ரேஸ் டிராக் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். முன்பெல்லாம் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்கள், 1990ல் இந்த டிராக் வந்தபின் இங்கு மாறின. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவில் கார்கள் ஓடியதை டிவியில் பார்த்தவர்களுக்கு இந்த விளையாட்டு புதிதல்ல.

"மச்சான், கார்ல இருந்து நம்பரா கொட்டுது. அத படிக்கிற மாதிரி ஏதாவது எழுதிக் குடுடா" என்று நண்பன் கேட்டான். செஞ்சி, திண்டிவனம் என்று பஸ் மாறி, லேப்டாப்புடன் போய்ச் சேர்ந்தேன்.

தண்ணீர் சொல்வதும் ஆயில் சொல்வதும்

நம் வீட்டுக் காரில் இருக்கும் வெப்பமானி முள் ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டுகிறது. தண்ணீரைத் தெர்மோஸ்டாட் என்ற வால்வு 90 டிகிரி அளவில் பிடித்து வைக்கப் பார்க்கும். ஆயிலுக்கு அந்தக் காவல் அவ்வளவாக இல்லை. சுழலும் கிராங்க் ஷாப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே, தலைமுடியை விட மெல்லிய படலமாக நின்று அவை உரசாமல் காப்பது ஆயில்தான். சாதாரண சாலையில் அது 90 முதல் 110 டிகிரி வரை இருக்கும். பந்தயத்தில் 120, 130 என்று போகும். 140ஐத் தாண்டிக்கொண்டே போனால் ஆயில் நீர்த்து, பிரஷர் இறங்கி, அந்தப் படலம் கிழியத் தொடங்கும்.

இந்தச் சூடு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது? ஆயில் பில்டருக்கு அருகே தெர்மிஸ்டர் என்ற சிறிய சென்சார் பொருத்தியிருப்பார்கள். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம்ஸ் இருக்கும். 100 டிகிரியில் அது 190 ஓம்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். இதனால் மாறும் வோல்டேஜை டேட்டா லாகர் என்ற கருவி எண்ணாக மாற்றி, நொடிக்கு ஒரு வரி வீதம் எழுதி வைக்கும். 20 நிமிடம் ஓடினால் 1,200 வரிகள். ஆயில் மெதுவாகச் சூடாகும் பொருள் என்பதால் நொடிக்கு ஒன்றே போதும். (பிரஷர் அப்படியல்ல. ஒரு வளைவில் கண் இமைப்பதற்குள் விழுந்து எழும். அதற்கு நொடிக்கு 50 அளவுகளாவது வேண்டும்.)

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் காரில் இருந்தது போன்ற இணைப்பில், சென்சார் வயர் அறுந்துவிட்டால் கம்ப்யூட்டர் "கடுங்குளிர்" என்று எழுதும். வயரின் தோல் தேய்ந்து கார் பாடியில் உரசினால் "கொதிக்கிறது" என்று எழுதும். இரண்டுமே பொய்.

அன்று நடந்தது

140ஐத் தாண்டினால் டிரைவர் முன் சிவப்பு விளக்கு எரியும்படி நான் புரோகிராம் எழுதியிருந்தேன். முதல் பயிற்சி ஓட்டத்தில் அது கண்டபடி எரிந்தது. திரும்பி வந்ததும் பைலைப் பார்த்தோம். 104 என்று இருந்த எண், அடுத்த நொடியில் 160, அதற்கடுத்த நொடியில் மீண்டும் 104. எங்கோ வயர் உரசுகிறது. அதைத் தேடிப் பிரிக்க நேரமில்லை. "சென்சார் கோளாறுதான்" என்றேன் நான். "லைட்ட கண்டுக்காதீங்கண்ணா" என்று டிரைவரிடம் சொன்னான் நண்பன்.

அடுத்த ஓட்டத்தின் ஏழாவது சுற்றில் இன்ஜினில் தட்டும் சத்தம் கேட்டது. கார் நின்றது. ஆயிலை வடித்தபோது அதில் மினுமினுவென்று உலோகத் துகள்கள். பேரிங் போயிருந்தது. மாற்று இன்ஜின் கிடையாது. நண்பன் அன்று மதியம் சாப்பிடவில்லை.

இரவில் அந்த பைலை எக்ஸெல்லில் திறந்தேன். நேரம் உள்ள நெடுவரிசையையும் ஆயில் சூடு உள்ளதையும் தேர்ந்தெடுத்து, இன்செர்ட் மெனுவில் சார்ட் பிரிவில் ஸ்கேட்டர் என்பதில் கிளிக் செய்தேன். படத்தில் பொய்யான ஊசிகள் செங்குத்தாக நின்றன. அவற்றுக்குக் கீழே ஒரு கோடு சாய்வாக, அவசரமே இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் 104, 112, 119, 127, 136, 144. தண்ணீரோ கடைசி வரை 95ஐத் தாண்டவில்லை. காலையில் காரின் முன்பக்கத்தைக் கழற்றினால், தனியாக இருந்த ஆயில் கூலரை ஒரு சாக்குத் துண்டு மூடியிருந்தது.

ஊசியையும் சாய்வையும் பிரித்துப் பார்க்க என் புரோகிராமுக்குத் தெரியவில்லை. நான் கணக்குப் போட்டிருக்க வேண்டும். நான்கு லிட்டர் ஆயிலை ஒரே நொடியில் 50 டிகிரி ஏற்றச் சுமார் 350 கிலோவாட் வேண்டும். அந்த 1.3 லிட்டர் இன்ஜினின் மொத்தச் சக்தியே அதில் கால் பங்குகூட இருக்காது. எனவே ஒரே நொடியில் தாவும் எண் ஆயிலுடையதாக இருக்க முடியாது. நிமிடக்கணக்கில் ஏறுவது வயர் கோளாறாக இருப்பது அரிது. இப்போது புரோகிராமில், முந்தைய நொடியிலிருந்து 5 டிகிரிக்கு மேல் தாவும் எண் ஒதுக்கப்பட்டு, மஞ்சள் விளக்கு எரிகிறது. மீதமுள்ள எண்கள் 130ஐத் தாண்டினால் சிவப்பு. சேர்த்தது நான்கே வரிகள்தான்.

நீங்களும் பார்க்கலாம்

உங்கள் வீட்டுக் காரிலும் இதைச் செய்து பார்க்கலாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் புளூடூத் அடாப்டர் ஒன்றைச் செருகினால், மொபைல் போனில் எண்கள் வரும். தண்ணீர் சூடு பெரும்பாலும் கிடைக்கும். ஆயில் சூட்டைப் பல கார்கள் தருவதில்லை. வரவில்லை என்றால் அடாப்டரைக் குறை சொல்ல வேண்டாம். இந்த எண் ஒரே ஒரு பைட்டில் வருகிறது. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும் அல்லவா? அதிலிருந்து 40ஐக் கழித்தால் டிகிரி கிடைக்கும். எனவே மைனஸ் 40 முதல் 215 வரை சொல்ல முடியும்.

ஆயில் சூட்டைத் தரும் மாமாவின் காரில், கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை வரை பதிவு செய்தேன். (ஓட்டியவர் மாமா, போன் என் கையில்.) தண்ணீர் சில நிமிடங்களிலேயே 90ஐத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டது. ஆயில் அதைப் பிடிக்க ஏறக்குறைய இரு மடங்கு நேரம் ஆனது. படத்தைக் காட்டியதும் மாமா, "அப்ப முள்ளு நடுவுல வந்ததும் நான் விரட்டுறது தப்பாடா?" என்று கேட்டார். ஆமாம் மாமா, ஆயில் 80 டிகிரியாவது வரட்டும் என்றேன். அதற்குப்பின் அவர் ஊர் எல்லை தாண்டும்வரை மெதுவாகத்தான் ஓட்டுகிறார்.

நண்பனின் அணிக்குப் பழைய இன்ஜின் ஒன்று கிடைத்து, அதைச் சரிசெய்து கொண்டிருக்கிறார்கள். சென்சார் வயரை மட்டும் அவன் தன் கையாலேயே புதிதாகப் போட்டிருக்கிறான்.