விளக்கின் வாலைப் பாருங்கள்

குத்துவிளக்கு வாங்க லிட்டில் இந்தியாவுக்குப் போகும் அம்மாக்களைக் கவனித்திருக்கிறேன். விளக்கைத் தூக்கிக் கனம் பார்ப்பார்கள், தட்டிச் சத்தம் கேட்பார்கள், கவிழ்த்து அடித்தட்டைத் தடவுவார்கள். அதே அம்மாக்கள் வண்ணக் கண்ணாடிக் குடை வைத்த ஸ்டாண்ட் லேம்ப் ஒன்றின் முன் நின்றால் சொக்கிப்போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் சொக்கினேன்.

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஆசை வருவதில் வியப்பில்லை. லீத் ஸ்ட்ரீட்டில் சியோங் ஃபாட் ட்ஸேயின் நீல மாளிகை, சர்ச் ஸ்ட்ரீட்டில் பச்சை நிற பெரானாக்கான் மாளிகை என்று, வெயில் பட்டால் தரையில் நிறம் கொட்டும் கண்ணாடிகளைப் பார்த்தே வளர்கிறோம். அதில் ஒரு துண்டாவது நம் வீட்டு மூலையில் இருக்கட்டுமே என்று தோன்றும். லோரோங் குலிட் காலைச் சந்தையிலிருந்து இணைய அங்காடி வரை இந்த விளக்குகள் கிடைக்கின்றன. விலை 100 ரிங்கிட்டிலும் இருக்கும், சில ஆயிரத்திலும் இருக்கும்.

நான் வாங்கியது பழைய சாமான் விற்கும் ஒரு கடையில். தும்பி உருவம் போட்ட குடை, பித்தளை நிறத்தில் உலோகத் தண்டு. “டிஃப்பனி விளக்கு அக்கா, கண்ணாடி எல்லாம் ஒரிஜினல்” என்றார் கடைக்காரர். மூன்றாம் நாள் ஈரக்கையோடு தண்டைத் தொட்டேன். சுரீரென்றது. வந்து பார்த்த வயர்மேன் தம்பி பிளக்கைத் திறந்ததும் சிரித்துவிட்டார். “எர்த் வயரை வெட்டி விட்டிருக்காங்க அக்கா. ஃபியூஸ் வேற 13 ஆம்பியர். கேத்தலுக்குப் போடுறது.”

கடையில் நாம் பார்ப்பதெல்லாம் குடையைத்தான். ஆபத்து வாலில், அதாவது வயரிலும் பிளக்கிலும், இருக்கிறது. உலோகத் தண்டுள்ள விளக்குக்கு எர்த் வேண்டும், அல்லது இரட்டைக் காப்பு வேண்டும். இரட்டைக் காப்பு இருந்தால் சதுரத்துக்குள் சதுரம் போட்ட முத்திரை இருக்கும். இரண்டும் இல்லையென்றால், உள்ளே ஒரு வயர் தோலுரிந்து தண்டில் பட்டாலும் மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் வீட்டு ஆர்சிசிபி சும்மா இருக்கும், யாராவது தொடும்வரை. தொட்ட பிறகுதான் அது விழும், விழாமலும் போகலாம். ஃபியூஸ் கதையும் இதே மாதிரிதான். விளக்கின் மெல்லிய வயருக்கு 3 ஆம்பியர் போதும். 13 ஆம்பியர் போட்டால் ஃபியூஸ் உருகுவதற்கு முன்னால் வயர் உருகலாம். வயர் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் நிறத்தில் இல்லாமல் சிவப்பு, கறுப்பாக இருந்தாலோ, மேலே துணி சுற்றியிருந்தாலோ, விளக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் முழு வயரையும் மாற்றிய பிறகே சுவிட்சைத் தொடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வரும் பழைய விளக்குகள் அங்குள்ள 120 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் வீட்டில் ஓடுவது 230. பல்பை மாற்றினால் மட்டும் போதாது, ஹோல்டரையும் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள். பிளக், ஹோல்டர், சுவிட்ச் போன்றவை எரிசக்தி ஆணையத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள்கள். சோதிக்கப்பட்டதற்கு அடையாளமான சிரிம் லேபிள் இருக்கிறதா என்று தேடுங்கள். பிளக்கில் லேபிள் ஒட்டியிருப்பதை வைத்து விளக்கு முழுவதும் சோதிக்கப்பட்டது என்று நினைத்துவிடக் கூடாது. சில கடைகளில் அப்படி நினைக்க வைக்கிறார்கள்.

இனி குடை. கண்ணாடித் துண்டுகளின் ஓரத்தில் செப்புத் தாள் சுற்றி, ஈயத்தால் பற்றவைப்பதுதான் டிஃப்பனி பாணி. நியூயார்க்கில் அந்த விளக்குகளைச் செய்த டிஃப்பனி ஸ்டூடியோஸ் 1932-இல் திவாலானது. அதன் அசல் விளக்குகள் உலக ஏலங்களில் பெருந்தொகைக்குப் போகின்றன. சில நூறு ரிங்கிட்டுக்கு ‘டிஃப்பனி’ என்றால் அது பாணியின் பெயர், அதில் தவறில்லை. பாணி என்று சொல்லாமல் அசல் என்று சொன்னால்தான் பொய். கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்பதை விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள்: கண்ணாடி கணீரென்னும், தொட்டால் குளிரும். உள்பக்கமும் பாருங்கள். கையால் பற்றவைத்த கோடுகள் மேடு பள்ளமாக இருக்கும். அச்சில் வார்த்தவை ஒரே சீராக ஓடும்.

இந்த ஈயத்தில் நம் மொழியே நம்மை ஏமாற்றிவிடும். பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பு வெள்ளீயம். விளக்கைப் பற்றவைப்பதில் வெள்ளீயத்தோடு காரீயமும் கலந்திருப்பது வழக்கம். காரீயம் உடலில் சேர்வதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்; குழந்தைகளின் மூளைதான் முதலில் அடிபடும். விளக்கு சும்மா நின்றால் பயமில்லை. கோடுகளில் வெள்ளையாகப் பூத்திருக்கும் தூளைத்தான் கவனிக்க வேண்டும். பினாங்கு ஈரக் காற்றில் பழைய குடைகளில் அது பூக்கும். உலர்ந்த துணியால் தட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, துணியை எறிந்துவிட்டுக் கையைக் கழுவுங்கள். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் வேறொரு தொல்லையும் உண்டு: மேலே கனத்த குடை, கீழே சின்ன அடித்தட்டு. கடையிலேயே லேசாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். பல்பு எல்இடியாக இருக்கட்டும். 7, 8 வாட்டே தாராளம்.

என் கதைக்கு வருகிறேன். விளக்கைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். “பழைய சாமான்தானே அக்கா, பார்த்துத்தானே எடுத்தீங்க?” சுவரில் ஒரு பலகை: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. அந்தப் பலகையைக் கண்டு எத்தனை பேர் வாய் மூடித் திரும்பியிருப்பார்கள்!

மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பலகைக்குக் கட்டுப்பட்டதல்ல. அந்தச் சட்டம் தரும் உரிமையை எந்த ஒப்பந்தமும் அறிவிப்பும் பறிக்க முடியாது என்கிறது அதன் 6-ஆம் பிரிவு. விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்ற உத்தரவாதத்தை 32-ஆம் பிரிவு தருகிறது. பாதுகாப்பும் அந்தத் தரத்தில் அடக்கம். பழைய பொருள் என்றால் விலையையும் வயதையும் கணக்கில் எடுப்பார்கள், அவ்வளவுதான். ஒரு குறையை விற்பதற்கு முன்பே குறிப்பாகச் சுட்டிக்காட்டியிருந்தால், அந்தக் குறைக்காக நாம் பிறகு சண்டை போட முடியாது. “ஒரு கண்ணாடி கீறல்” என்று சொல்லி விற்றால் கீறல் நம் பாடு. எர்த் இல்லை என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. ‘அசல்’, ‘கண்ணாடி’ என்று சொல்லி வேறொன்றை விற்றால் 34-ஆம் பிரிவும், பொய்யான கூற்றைத் தடுக்கும் 10-ஆம் பிரிவும் இருக்கின்றன. ஆகவே கடைக்காரர் வாயால் சொன்னதை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே ஒரு பதில்தான்.

சரிசெய்யக்கூடிய குறை என்றால் முதலில் கடைக்குச் சரிசெய்ய நியாயமான அவகாசம் தர வேண்டும். மறுத்தால் வெளியே சரிசெய்து செலவைக் கேட்கலாம், அல்லது பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். மாதக்கணக்கில் வீட்டில் வைத்துவிட்டுப் போய் நின்றால் திருப்பும் உரிமை போய்விடும். தொழிலாக விற்காத ஒருவர் தன் வீட்டு விளக்கை விற்றால் இந்தச் சட்டம் துணைக்கு வராது.

கடை மசியவில்லை என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், 3 ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, பொதுவாக அனுமதியும் இல்லை. ரசீது, குறுஞ்செய்திகள், வயர்மேன் எழுதிக் கொடுத்த குறிப்பு, திறந்த பிளக்கின் படம் இவை போதும். தனியாகப் போகத் தயங்குபவர்கள் 1969 முதல் இங்கேயே இயங்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம்.

எனக்கு மன்றம் வரை போக வேண்டி வரவில்லை. படங்களை இணைத்து, 32-ஆம் பிரிவைச் சுட்டி ஒரு கடிதம் எழுதி, பத்து நாள் அவகாசம் கொடுத்தேன். எட்டாம் நாள் கடைக்காரர் வயர்மேன் கூலியைக் கொடுத்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். இப்போது புது வயரோடு தும்பி விளக்கு கூடத்தில் நிற்கிறது. அந்த 13 ஆம்பியர் ஃபியூஸை மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறேன். விளக்கைப் பார்த்து எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பவர்களிடம் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.