வாங்கிய கை கொடுக்கும் வரை

ராமகிருஷ்ண மிஷன் சிங்கப்பூரில் கால் ஊன்றியது 1928இல். அடுத்த ஆண்டு டிசம்பரில் பெரியார் மலாயாவுக்குக் கப்பலேறி வந்தார்; சிங்கப்பூர்த் தமிழர்களிடமும் பேசினார். ஒரு பக்கம் துறவிகள், இன்னொரு பக்கம் கடவுள் மறுப்பாளர். சொன்ன சேதியில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் சிராங்கூன் சாலைத் தமிழர்களிடையே இந்த இரண்டு மரபுகளும் செய்த வேலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே வேலைதான் தெரிகிறது. முதலில் ஆளின் நிமிர்வைப் பார்த்தார்கள், பிறகு அந்த ஆளின் கையில் ஒரு பொறுப்பைக் கொடுத்தார்கள். தன்னைத் திருத்திக்கொள்வதையும் ஊரைத் திருத்துவதையும் அவர்கள் தனித்தனிக் கணக்காக எழுதவே இல்லை.

யாரிடம் பேசினார்கள் என்பது முக்கியம். சிராங்கூன் சாலையை ஒட்டிய தேக்கா (இன்றைய லிட்டில் இந்தியா) மாட்டுக் கொட்டில்களைச் சுற்றி வளர்ந்த வட்டாரம். பஃபலோ ரோடு, லெம்பு ரோடு என்ற பெயர்களில் அந்த மாடுகள் இன்னும் நிற்கின்றன. மலாய் மொழியில் லெம்பு என்றால் மாடு. அங்கே இருந்தவர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், நகராட்சிக்குச் சாலை போட்டவர்கள், பால்காரர்கள், சலவைத் தொழிலாளிகள், கிட்டங்கிக் கணக்கப்பிள்ளைகள். பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்த ஆண்கள். சம்பளத்தில் பாதி ஊருக்கு, மீதியில் ஒரு பங்கு கள்ளுக்கு. கப்பலில் கூடவே வந்த சாதி, கரையிலும் இறங்கிவிட்டது.

இவர்களுக்காக மிஷன் நோரிஸ் ரோட்டில் பள்ளி நடத்தியது. ஆண்பிள்ளைகளுக்கு விவேகானந்தர் பெயரில் ஒன்று, பெண்பிள்ளைகளுக்கு சாரதாமணி பெயரில் ஒன்று. 1893இல் சிகாகோவுக்குப் போகும் வழியில் விவேகானந்தர் சிங்கப்பூரைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். 1897இல் அவர் நிறுவிய மிஷன், தன் ஆன்ம விடுதலையும் உலகத்தின் நலமும் ஒருசேர என்பதையே குறிக்கோளாக வைத்துக்கொண்டது. கேட்க உயரமாக இருக்கும் அந்த வாக்கியம் தேக்காவில் சிலேட்டும் பெஞ்சுமாக இறங்கி வந்தது. கூலிக்காரரின் மகள் பள்ளிக்கூடம் போவது அன்று சாதாரண விஷயமில்லை. பிறகு ஜப்பானியர் காலத்துப் போர் பிள்ளைகளை அநாதைகளாக்கியபோது, மிஷன் ஆண்பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடத்தியது. பார்ட்லி ரோட்டில் அதன் பணி தொடர்கிறது. நோரிஸ் ரோட்டுப் பழைய கட்டடமும் நிற்கிறது. பிரியாணிக் கடைக்கு வழி தேடிப் போகிறவர்களில் எத்தனை பேர் அண்ணாந்து பார்க்கிறார்களோ தெரியாது.

மறுபக்கத்தில், பெரியார் வழியில், கோ. சாரங்கபாணி. 1903இல் திருவாரூரில் பிறந்து, 1924இல் சிங்கப்பூர் வந்தவர். 1932இல் உருவான தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் முன்னணியில் நின்றார். 1935 ஜூலை 6 அன்று அவரது 'தமிழ் முரசு' பத்திரிகை பிறந்தது. சாதியை விடு, மூடநம்பிக்கையை விடு, குடியை விடு, பெண்ணைப் படிக்க வை. சங்கம் சொன்னதும் முரசு எழுதியதும் இவ்வளவுதான். இதை மேடையில் முழங்கிவிட்டு வீட்டில் பழையபடி வாழ்ந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சாரங்கபாணி 1937இல் லிம் பூன் நியோ என்ற பெரனாக்கான் சீனப் பெண்ணை மணந்தார். சாதி மட்டுமல்ல, இனமும் மொழியும் தாண்டிய கல்யாணம். அவர் எழுதிய தலையங்கங்கள் எல்லாவற்றையும் விட அந்தக் கல்யாணத்துக்கு எடை அதிகம் என்பது என் எண்ணம்.

ஆனால் நான் நின்று பார்க்க விரும்புவது மாணவர் மணிமன்றத்தை. 1950களில் முரசு தன் பக்கங்களில் அந்தப் பெயரில் பிள்ளைகளுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியது. தமிழ்ப் பள்ளியில் படிக்கும் ஒரு சிறுவனை நினைத்துப் பாருங்கள். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு. அவன் நோட்டுத் தாளைக் கிழித்து நாலு வரி எழுதித் தபாலில் சேர்க்கிறான். ஒரு நாள் அவன் பெயர் அச்சில் வருகிறது. அன்றைக்கு அந்த வீட்டில் நடந்ததை எந்த வளர்ச்சித் திட்டத்தின் அறிக்கையிலும் எழுத முடியாது. வாசிக்கத் தெரியாத அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார். மணிமன்றத்தில் எழுதிப் பழகியவர்களிலிருந்து பிற்பாடு சிங்கப்பூரின் எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், அமைப்பாளர்கள் கிளம்பினார்கள். வாங்கிய பிள்ளை கொடுக்கிற ஆளாக வளர்ந்தது இப்படித்தான்.

அதே பத்தாண்டில் இன்னொன்றும் நடந்தது. அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைந்தபோது, அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று சாரங்கபாணி முரசில் போராடினார். தமிழ் நூல்கள் வாங்க 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதி திரட்டினார். தொழிலாளர்களும் கடைக்காரர்களும் தங்களால் ஆனதைக் கொடுத்தார்கள். தான் ஒருநாளும் நுழையப் போகாத நூலகத்துக்குக் காசு கொடுத்தவனை ஏழை என்று எப்படிச் சொல்வது? 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோதும் முரசுதான் ஊர் ஊராகத் தட்டி எழுப்பியது: பதிந்துகொள்ளுங்கள், இது நம் நாடு. ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்றே முப்பது வருஷம் படுத்து எழுந்தவர்களை ஒரு விண்ணப்பத் தாளில் கையெழுத்திட வைப்பது லேசான காரியமா? அது முதலில் மனசுக்குள் நடக்க வேண்டிய இடமாற்றம்.

காசு வசூலித்துப் பள்ளி கட்டியவர்களில் கடையநல்லூர்க்காரர்களை விட்டுவிடக் கூடாது. 1941இல் தொடங்கிய சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக், 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை ஆரம்பித்தது. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயர். 1960இல் அது உயர்நிலைப் பள்ளியானது. ஆங்கிலக் கல்வியின் அலையில் மாணவர் எண்ணிக்கை சரிந்து 1982இல் மூடப்பட்டது. பெயர் மட்டும் அழியவில்லை. பீட்டி ரோட்டில் இன்று இயங்கும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் தமிழ் படிக்கிறார்கள். சாமி உண்டு என்றவர்கள், இல்லை என்றவர்கள், அல்லாவைத் தொழுதவர்கள் மூவரும் வந்து சேர்ந்த இடம் வகுப்பறை.

அதே பீட்டி ரோட்டில் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா இருக்கிறது. 1991இல் தொடங்கிய இந்தச் சங்கத்துக்கு, குடியுரிமையோ நிரந்தரவாசமோ எம்ப்ளாய்மென்ட் பாஸோ உள்ள, விலகிக்கொள்ள விருப்பம் தெரிவிக்காத ஒவ்வோர் இந்திய ஊழியரின் சம்பளத்திலிருந்தும் மாதம் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை போகிறது. துணைப்பாட வகுப்பு, குடும்பங்களுக்கு உதவி, ஆலோசனை என்று பல பணிகள். தேர்ச்சி விகிதம் உயர்ந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும். என் கேள்வி வேறு: அங்கே படித்த பிள்ளை, வேலைக்குப் போன பின் சனிக்கிழமை காலையில் தொண்டூழியராகத் திரும்பி வருகிறதா? வந்தால் அந்த வகுப்பு இன்னும் ஐம்பது வருஷம் நடக்கும். வராவிட்டால் ஒவ்வோர் ஆண்டும் நிதியை நம்பி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு. சின்ன எண்ணிக்கை. ஒவ்வொரு கையும் வேண்டியிருக்கிறது.

இங்கேதான் எனக்கு நெருடுகிறது. அந்த 2.5 விழுக்காட்டிலும் சேராத, சிண்டா சந்தாவிலும் வராத தமிழர்கள் ஞாயிறுதோறும் தேக்காவை நிறைக்கிறார்கள். ஒர்க் பெர்மிட்டில் கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்தவர்கள். பணம் அனுப்பும் கடைகளில் வரிசை. லெம்பு ரோட்டுத் திடலில் சப்பணமிட்டு உட்கார்ந்து வீடியோவில் பிள்ளைக்கு முத்தம் கொடுக்கும் அப்பாக்கள். கையில் ஒரு பை, அதில் வாரத்துக்கு வேண்டிய வெங்காயம், மிளகாய்த்தூள். ஒருமுறை அங்கே புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "ஏஜென்ட் காசு அடைஞ்சிருச்சுண்ணே, இனிமே வர்றதுதான் நமக்கு" என்றார். லீவு நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "தூங்குவேன். எந்திரிச்சா இங்க வருவேன். வேற எங்க போறது?" என்றார். ஆள் பன்னிரண்டாவதில் தமிழில் நல்ல மதிப்பெண்ணாம். சொல்லும்போது முகம் மாறியது.

2013 டிசம்பர் 8 இரவு, பேருந்து மோதி ஓர் ஊழியர் இறந்ததைத் தொடர்ந்து ரேஸ் கோர்ஸ் ரோட்டில் கலவரம் மூண்டது. அதன் பிறகு 2015இல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் லிட்டில் இந்தியாவைக் கட்டுப்பாட்டு வட்டாரமாக அறிவித்தது. பாட்டில் குறைந்தது. 1930களின் சீர்திருத்தக்காரர்களும் குடியை எதிர்த்தார்கள்தான். ஆனால் கள்ளை விடு என்று சொன்ன அதே வாயால் வந்து படி, வந்து எழுது, வந்து பேசு என்றும் சொன்னார்கள். எடுத்த இடத்தில் வேறொன்றை வைத்தார்கள்.

இப்போது யாரும் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். வெளிநாட்டு ஊழியர் உரிமைக்காக 2004 முதல் இயங்கும் டிடபிள்யூசி2 அமைப்பு, 2008இல் கஃப் ரோடு திட்டத்தைத் தொடங்கியது. வேலையில் காயம்பட்டோ சம்பளம் கிடைக்காமலோ வழக்குப் போட்டுவிட்டு, முடிவு வரும்வரை வேலை பார்க்க முடியாமல் கிடக்கிறவர்களுக்கு லிட்டில் இந்தியாவின் உணவகங்களில் இலவசச் சாப்பாடு. பட்டினியோடு இருப்பவனிடம் மன வளர்ச்சி பற்றிப் பேசுவது கொடுமை; அதனால் சோறுதான் முதல். உரிய சம்பளமும், உடைந்த கைக்கு நஷ்ட ஈடும், போதுமான தூக்கமும் அதற்கு அடுத்து. 2020இல் கொரோனா காலத்தில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்கள் தங்குவிடுதிகளுக்குள் அடைபட்டபோது ஊரே அவர்களைத் திரும்பிப் பார்த்தது. உணவுப் பொட்டலமும் போன் கார்டும் கொடுக்கத் தொண்டூழியர்கள் திரண்டார்கள். நெஞ்சைத் தொட்ட நாட்கள் அவை. ஆனாலும் அதில் ஊழியர் வாங்குகிறவராகவே இருந்தார்.

கொடுக்கிறவராக ஆன ஊழியர்களைப் பார்க்க வங்காளிகளிடம் போக வேண்டும். ரோவல் ரோட்டில் 'பங்ளார் கண்ட்டோ' இதழாசிரியர் மோசின் நடத்திய திபாஷ்ரம், பங்களாதேஷ் ஊழியர்கள் பாடவும் கவிதை வாசிக்கவும் கூடிய இடம். 2014இல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டியில் முதல் இரண்டு ஆண்டும் வென்றவர் ஜாகிர் ஹுசைன் கோகன் என்ற கட்டுமான மேற்பார்வையாளர். பரிசோடு அவர் நிற்கவில்லை. 'ஒரு பை, ஒரு புத்தகம்' என்று இயக்கம் தொடங்கி, வேலைக்குப் போகும் பையில் சோற்று டப்பாவோடு ஒரு புத்தகமும் இருக்கட்டும் என்று சக ஊழியர்களைப் படிக்க வைத்தார். 2022இல் அவருடைய வேலை அனுமதி புதுப்பிக்கப்படவில்லை, ஊர் திரும்பினார். அவர் சேர்த்துவிட்டுப் போன வாசகர்களை யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

ஒப்பந்தம் முடிந்தால் போகிறவர்களுக்கு எதற்கு இதெல்லாம் என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். நம் தாத்தாக்களைப் பற்றியும் இதைத்தான் சொன்னார்கள். அவர்கள் தங்கிவிட்டார்கள், இவர்கள் பெரும்பாலும் தங்கப் போவதில்லை என்ற வித்தியாசம் உண்மைதான். ஆனால் இங்கே எழுதவும் பேசவும் கூட்டம் நடத்தவும் கற்றுக்கொண்டு புதுக்கோட்டைக்கோ மன்னார்குடிக்கோ திரும்புகிற ஒருவர், அங்கே கிராம சபையில் வாய் திறப்பார். மகளைப் பத்தாவதோடு நிறுத்த மாட்டார். வளர்ச்சி தேக்காவோடு முடிய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். பீட்டி ரோட்டில் வகுப்பறைகள் இருக்கின்றன. சிராங்கூன் சாலையை ஒட்டிக் கோயில் மண்டபங்களும் பள்ளிவாசல் கூடங்களும் சங்க அறைகளும் இருக்கின்றன. ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி நேரம் ஏதேனும் ஓர் அறையைத் திறந்துவிடுங்கள். ஒரு மணி நேரம் ஆங்கிலமும், சம்பளச் சீட்டும் ஒப்பந்தமும் படித்துப் புரிந்துகொள்ளும் பாடமும் இருக்கட்டும். மற்ற ஒரு மணி நேரத்தை ஊழியர்களிடமே விட்டுவிடுங்கள். கம்பி கட்டுகிறவருக்குச் சாரம் கட்டத் தெரிந்தவர் சொல்லிக் கொடுக்கட்டும், தவில் தெரிந்தவர் வாசிக்கட்டும், நம் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளை உட்கார வைத்து அவர்களோடு நல்ல தஞ்சாவூர்த் தமிழில் பேசட்டும். வீட்டில் தமிழ் குறைகிறதே என்று கவலைப்படும் நமக்கு இதைவிட நல்ல ஆசிரியர்கள் எங்கே கிடைப்பார்கள்? தமிழ்ப் பத்திரிகைகளும் மாதம் ஒரு பக்கத்தை அவர்களுக்கு ஒதுக்கலாம், மணிமன்றம் அன்று பிள்ளைகளுக்கு இருந்ததுபோல. முதல் வாரம் ஐந்து பேர் வருவார்கள். அந்த ஐந்து பேரில் ஒருவரிடம் அடுத்த மாதமே அறைச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.