பத்திரிகையில் வளர்ந்த பிள்ளைகள்

காலைப் பத்திரிகை வந்ததும் உங்கள் வீட்டில் யார் எந்தப் பக்கத்தைத் திறக்கிறார்கள்? வாப்பா அரசியல் செய்தியைப் பார்ப்பார், பிள்ளைகள் சித்திரக் கதைக்குப் பாய்வார்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் ஒரு சித்திரத் தொடரைப் படிக்கப் பிள்ளைகளோடு தாய்மாரும் போட்டி போட்டார்கள். அதன் பெயர் 'ஃபோர் பெட்டர் ஓர் ஃபோர் வேர்ஸ்'. இன்பத்திலும் துன்பத்திலும் பிரியோம் என்று கிறிஸ்தவத் திருமணத்தில் கொடுக்கும் வாக்கிலிருந்து எடுத்த பெயர் இது.

வரைந்தவர் லின் ஜோன்ஸ்டன் என்ற கனேடியப் பெண்மணி. அவர் இத்துறைக்கு வந்த விதமே வேடிக்கையானது. பிள்ளைத்தாய்ச்சியாக வைத்தியரிடம் போனால் மல்லாந்து படுத்துக் கூரையைத்தானே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? அந்தக் கூரையில் ஒட்டுவதற்குச் சித்திரம் வரைந்து தரும்படி அவருடைய மகப்பேற்று வைத்தியர் கேட்டார். கர்ப்பிணிகள் படும் பாட்டை வைத்து 80 சித்திரங்கள் வரைந்து கொடுத்தார் லின். பின்னர் அவை புத்தகமாகவும் வந்தன.

1979இல் பத்திரிகைத் தொடர் ஆரம்பமானது. தாய் எல்லி, பல் வைத்தியரான கணவர் ஜோன், மைக்கேல், எலிசபெத் என்று இரண்டு பிள்ளைகள். கழுவி முடியாத பாத்திரங்கள், தூங்காத குழந்தை, "பகல் முழுக்க வீட்டில் என்ன செய்தாய்?" என்ற கேள்வி, இவைதாம் கதை. உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? அங்கேயும் அப்படித்தான். 'இது நம் வீட்டுக் கதையல்லவா' என்று பெண்கள் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தார்கள். 1985ஆம் ஆண்டுக்கான ரூபன் விருது லின்னுக்குக் கிடைத்தது. சித்திரத் தொடர் வரைவோரின் உயர்ந்த விருதான அதைப் பெற்ற முதல் பெண் அவரே.

இத்தொடரில் இன்னொரு புதுமையும் உண்டு. சித்திரக் கதைப் பிள்ளைகள் பெரும்பாலும் வளர்வதில்லை. சார்லி பிரவுண் 50 வருடமாகியும் சிறுவன்தான். எல்லியின் பிள்ளைகளோ வாசகரின் பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ந்தார்கள். 1991இல் ஏப்ரல் என்ற கடைக்குட்டியும் பிறந்தாள்.

பிள்ளை வளர்ந்தால் நாய்க்கும் வயதாகும் அல்லவா? 1995 ஏப்ரலில், ஆற்று வெள்ளத்தில் விழுந்த சின்ன ஏப்ரலை வீட்டு நாய் ஃபார்லி காப்பாற்றியது. ஆனால் கிழ நாயின் இதயம் தாங்கவில்லை, செத்துப்போனது. அழுதும் ஏசியும் வாசகர்கள் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். சிரிக்க வைக்கும் பக்கத்தில் காலையிலேயே அழ வைக்கலாமா என்பது ஒரு சாராரின் கோபம். நாய் வளர்க்காத வீட்டாருக்கு இது சற்று மிகையாகத் தோன்றலாம். ஆனால் பல வருடமாகக் கண்ட முகம் அது.

இதையும் விஞ்சியது எலிசபெத்தின் கலியாணப் பேச்சு! பள்ளித் தோழன் அந்தோனிதான் பொருத்தம் என்றார்கள் சிலர். மனைவி இருக்கும்போதே தனக்காகக் காத்திருக்கும்படி எலிசபெத்திடம் கேட்டவனை எப்படி நம்புவது என்றார்கள் வேறு சிலர். வடக்கில் அவள் ஆசிரியையாக இருந்தபோது பழகிய பொலிஸ்காரன் போலுக்காகப் பரிந்து பேசவும் ஆளிருந்தது. கடதாசிப் பெண்ணுக்கு இவ்வளவு தரகர்களா என்று கேட்காதீர்கள். அந்தோனியைக் குறை சொன்னவள் தன் மகளுக்கு வந்த ஒரு சம்பந்தத்தை நினைத்துப் பேசியிருக்கலாம். வீட்டு விஷயத்தை வெளியில் கதைக்க முடியாதவளுக்கு எலிசபெத்தின் பெயர் வசதியாக இருந்தது.

கடைசியில் லின் விரும்பியபடியே, 2008 ஆகஸ்டில் அந்தோனிக்கும் எலிசபெத்துக்கும் திருமணம் நடந்தது. பாட்டனார் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் மணமகள் மண உடையோடு அங்கே ஓடினாள். அதற்கு முந்திய வருடம்தான் லின்னின் சொந்த மணவாழ்க்கை முறிந்திருந்தது. சித்திரத்தில் எல்லியும் ஜோனும் பிரியவில்லை.

அத்தோடு புதுக் கதை நின்றது. 2008 செப்டெம்பரில் தொடர் மீண்டும் முதலிலிருந்து ஆரம்பமானது. எலிசபெத் மறுபடியும் கைக்குழந்தையானாள், ஃபார்லியும் உயிரோடு ஓடித் திரிந்தது. முன்பு எல்லியோடு சேர்ந்து பிள்ளை வளர்த்த வாசகிகளில் பலர் இப்போது பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு அதைப் படித்தார்கள்.