மக்குப் பிள்ளை அல்ல!

"வைத்தியரய்யா, பையன் தறிக்கணக்கை வாயிலேயே சொல்றானுங்க. எழுதச் சொன்னா 'ப'வும் 'ம'வும் மாறிப்போகுதுங்க. லேகியம் ஏதாச்சும் குடுங்க!"

எடப்பாடியில் இப்படிக் கேட்ட தந்தையிடம் வல்லாரை கொடுத்தனுப்பினேன். இரண்டு வருடம் வீணாயிற்று, தவறு என்னுடையதுதான்.

இது டிஸ்லெக்ஸியா என்கிற கற்றல் குறைபாடு. அறிவுக்குறைவு அல்ல, மருந்தாலும் தீராது. ஒலியையும் எழுத்தையும் இணைத்துப் படிப்படியாகச் சொல்லித்தரும் தனிப்பயிற்சியே வழி. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதை அங்கீகரித்துள்ளது.

சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இதற்காகவே இயங்குகிறது. இத்தகைய தொண்டு அமைப்புகளின் நிர்வாகக் குழுவுக்கு டாக்டர் மட்டும் போதாது. கணக்குப் பார்க்க ஆடிட்டர், பள்ளிகளில் பேச ஓய்வுபெற்ற ஆசிரியர், பயிற்சியாளர் சம்பளத்துக்கு நிதி திரட்ட வியாபாரி, எல்லோரும் வேண்டும்.

மாதம் ஒரு நாள் ஒதுக்குங்களேன். என் லேகியத்தைவிட அது பலன் தரும்!